பியரோ ஸ்ராஃபாவின் ஆவணங்களும் ரிக்கார்டோ பதிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் பியரோ ஸ்ராஃபாவின் (1898–1983) தனிப்பட்ட ஆவணங்கள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கடிதங்கள், சிறு நாட்குறிப்பேடுகள், விரிவுரைக் குறிப்புகள், பிறர் நூல்களிலிருந்து எடுத்தெழுதிய பகுதிகள், கணக்கிட்டுப் பார்த்த துண்டுத் தாள்கள் எனப் பலதிறப்பட்டவை அவை. தம் வாழ்நாளில் மிகக் குறைவாகவே எழுதி வெளியிட்ட ஒருவர், எழுதிய எதனையும் எளிதில் கழித்துவிடாமல் வைத்திருந்தார் என்பது இத்தொகுப்பை முதன்முதலாகக் காண்போர்க்கு வியப்பளிக்கும்.

இந்தியவியல் ஆய்விதழில் இதற்கு என்ன இடம் என வாசகர் வினவக்கூடும். ஸ்ராஃபா இருபதாண்டுகளுக்கு மேலாகச் செய்த பணி, டேவிட் ரிக்கார்டோவின் எழுத்துகளையும் கடிதங்களையும் பதிப்பித்த பணியாகும். ரிக்கார்டோவின் கடிதத் தோழருள் தலையாய இருவர் மால்தஸும் ஜேம்ஸ் மில்லும் ஆவர். மால்தஸ், கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளம் அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரியில் 1805 முதல் பேராசிரியர். மில், இந்தியாவைக் கண்ணாற் காணாமலே அதன் வரலாற்றை மூன்று தொகுதிகளில் எழுதி, 1819இல் கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் பணியேற்று, 1830இல் அங்கு உயர் பதவியை அடைந்தவர். நம் முன்னோர் உழுத நிலத்துக்கு எவ்வளவு வரி என்னும் வினாவில், இம்மூவரும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களின் நிழல் விழுந்துள்ளது. அக்கடிதங்களை நாம் இன்று முழுமையாகப் படிக்க முடிகிறதெனில் அது ஸ்ராஃபாவின் உழைப்பால் விளைந்ததே.

எனினும் இக்கட்டுரையின் நோக்கம் ரிக்கார்டோவின் பொருளியலை விளக்குவதன்று. பிறர் ஆவணங்களைக் கொண்டு வரலாறு எழுதிய ஒருவரின் சொந்த ஆவணங்கள் பிறர் கைக்கு வரும்போது, அவர் எழுதிய வரலாறு என்னவாகிறது என்பதையே நாம் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

கேம்பிரிட்ஜுக்கு வந்த இத்தாலியர்

ஸ்ராஃபா இத்தாலியின் தூரின் நகரிற் பிறந்தவர். தந்தையார் சட்டப் பேராசிரியர். இத்தாலிய வங்கி நெருக்கடி பற்றி 1922இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை முசோலினியின் சினத்துக்கு உள்ளாயிற்று. 1926இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, மார்ஷல் வகுத்த விலைக் கோட்பாட்டின் அடித்தளத்தையே ஐயுற்றது. அடுத்த ஆண்டு கெய்ன்ஸின் முயற்சியால் அவர் கேம்பிரிட்ஜில் விரிவுரையாளரானார். ஆயின், விரிவுரை ஆற்றுவது அவருக்குப் பெருந்துன்பமாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே அதனைக் கைவிட்டார். கெய்ன்ஸ் அவரை நூலகப் பொறுப்பில் அமர்த்தினார். 1930இல் அரசப் பொருளியற் கழகத்தின் சார்பில் ரிக்கார்டோ பதிப்புப் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சிறையிலிருந்த கிராம்ஷிக்கு மிலான் நகரப் புத்தகக் கடையொன்றில் கணக்குத் திறந்து நூல்கள் கிடைக்கச் செய்தவர் இவரே. விட்கென்ஸ்டைன் தம் பிற்காலத் தத்துவ நூலின் முன்னுரையில் நன்றியுடன் நினைவுகூர்பவரும் இவரே. இவ்விரு நட்புகளைப் பற்றியும் அமர்த்தியா சென் 2003இல் விரிவாக எழுதியுள்ளார். 1953இல் டிரினிட்டியில் மாணவராகச் சேர்ந்த சென்னுக்குக் கல்வி நெறியாளராக இருந்தவர் ஸ்ராஃபா என்பதும், அதே கல்லூரிக்குச் சென் 1998 முதல் 2004 வரை தலைவராக இருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கவை. இவை பலரும் அறிந்தவை. ஆதலின் மேலே செல்வோம்.

இரண்டு பெட்டிகள்

ரிக்கார்டோ 1823 செப்டம்பரில் மறைந்தார். அவருடைய கடிதங்கள் ஒரே இடத்தில் தங்கவில்லை. அவர் மால்தஸுக்கு எழுதியவை 1887இலும், மக்கல்லக்கிற்கு எழுதியவை 1895இலும், டிரோவருக்கு எழுதியவை 1899இலும் தனித்தனி நூல்களாக வெளிவந்திருந்தன. இவையெல்லாம் ஒரு பக்கக் குரல்களே. எதிர்முனையில் இருந்தவர் என்ன சொன்னார் என்பது பெரும்பாலும் தெரியாது.

முதற் பெட்டி குடும்பத்தாரிடம் இருந்தது. 1919இல் கொள்ளுப்பேரர் ஃபிராங்க் ரிக்கார்டோ தம் பிரோம்ஸ்பெரோ இல்லத்தில், மால்தஸின் நூலுக்கு ரிக்கார்டோ எழுதிய மறுப்புக் குறிப்புகளின் கையெழுத்துப் படியைக் கண்டெடுத்தார். அஃது 1928இல் அச்சேறியது. ரிக்கார்டோவுக்கு மால்தஸ், மில் முதலியோர் எழுதிய கடிதங்களின் பெருந்தொகுதியும் அக்குடும்பத்தாரிடமிருந்தே 1930ஐ ஒட்டி வெளிவந்தது. இப்போது மில்லின் குரல் கேட்டது. ஆனால் மில்லுக்கு ரிக்கார்டோ எழுதிய விடைகள் இல்லை. இது சிறிய குறையன்று. ரிக்கார்டோவைத் தூண்டித் தூண்டி நூலெழுத வைத்தவர் மில். அவர் தூண்டுகோலாக மட்டும் இருந்தாரா, நூலின் கருத்தையே வகுத்துத் தந்தவரா என்னும் வழக்கு, ஒரு தரப்பின் சான்று இல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

கெய்ன்ஸ் 1933இல் மால்தஸைப் பற்றிய தம் கட்டுரையில், ஸ்ராஃபாவின் கண்ணுக்குத் தப்புவது எதுவுமில்லை எனப் புகழ்ந்து, பதிப்பு விரைவில் வெளிவருமென அறிவித்தார். அறிவிப்புக்கும் முதல் தொகுதிக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. இடையில் உலகப் போர் வந்தது. 1940இல் இத்தாலி பகைநாடானதும் ஸ்ராஃபா ‘பகைநாட்டவர்’ என மான் தீவில் சில மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார். கெய்ன்ஸ் முயன்று விடுவித்தார். அதற்குள் பல தொகுதிகள் அச்சுக்கோக்கப்பட்டு மெய்ப்பு நிலையை எட்டியிருந்தன.

அந்நிலையில்தான் 1943 ஜூலையில் இரண்டாவது பெட்டி கிடைத்தது. அயர்லாந்தில் டப்ளினை அடுத்த ரஹீனி என்னும் ஊரில், கெயர்ன்ஸ் குடும்பத்தார் இல்லத்தில் அஃது இருந்தது. (இக்குடும்பத்து ஜான் எலியட் கெயர்ன்ஸ், ஜேம்ஸ் மில்லின் மகனான ஜான் ஸ்டூவர்ட் மில்லின் நண்பர், பொருளியலறிஞர். கெய்ன்ஸுடன் பெயர் மயக்கம் வேண்டா.) மில் வீட்டிலிருந்து கெயர்ன்ஸ் வீட்டுக்கு வந்து, மறந்துபோய், உலோகப் பெட்டியொன்றுக்குள் எழுபதாண்டளவு கிடந்தவை அத்தாள்கள். மில்லுக்கு ரிக்கார்டோ எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ரிக்கார்டோ எழுதிய, தனிநிலை மதிப்பு, பரிமாற்ற மதிப்பு ஆகியவை பற்றிய முற்றுப்பெறாத கட்டுரையும் இருந்தது. ஏட்டுச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த பதிப்பாசிரியர்களின் வரலாற்றை அறிந்த நம் வாசகர்க்கு, இக்காட்சி அயலாகத் தோன்றாது.

அச்சுக்கோத்த தொகுதிகளைத் திரும்பப் பிரித்து அடுக்க வேண்டியதாயிற்று. பிற்சேர்க்கை ஒன்றில் புதிய கடிதங்களைச் சேர்த்துவிட்டு வெளியிட்டிருக்கலாம். வேறு எவரும் அதைத்தான் செய்திருப்பர் என்பது எம் கருத்து. ஸ்ராஃபா அவ்வாறு செய்யவில்லை. எழுதியவையும் பெற்றவையும் நாள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும் என்பதே அவர் கொள்கை. கேள்வியும் விடையும் அருகருகே நின்றால்தான் கருத்து எந்த நாளில் திரும்பியது என்பது தெரியும். முன்னுரைகளை எழுதி முடிக்க இயலாது அவர் திணறியபோது, 1948 முதல் மாரிஸ் டாப் துணைநின்றார். 1951 முதல் 1955 வரை பத்துத் தொகுதிகளும், 1973இல் பொருளடைவுத் தொகுதியும் வெளிவந்தன.

மில் பற்றிய வழக்கும் தீர்ந்தது. நூலை எழுதும்போது ரிக்கார்டோ கையெழுத்துப் படிகளை மில்லுக்கு அனுப்பிக் கேட்ட ஐயங்களும், மில் காட்டிய திருத்தங்களும் அருகருகே அமைந்தபோது, மில் செய்தது நடையும் அமைப்பும் பற்றிய ஆசிரியப் பணியே, கோட்பாடு ரிக்கார்டோவுடையதே என்பது தெளிவாயிற்று. மில்லின் இந்திய வரலாற்றைப் படித்துவிட்டு ரிக்கார்டோ எழுதிய கருத்துகளையும் அதே வரிசையில் இன்று காணலாம்.

காலம் காட்டும் எச்சரிக்கை

இவ்விடத்தில் நம் துறைக்குரிய ஒரு செய்தியைக் கூறாதிருக்க இயலவில்லை. ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டின்படி, மிகத் தாழ்ந்த நிலத்தைவிட நல்ல நிலம் கூடுதலாகத் தரும் உபரியே வாரம். அதன்மேல் விதிக்கும் வரி உழவரின் கூலியையோ மூலதன இலாபத்தையோ தொடாது. மில் இதனை இந்தியாவுக்குப் பொருத்தி, அந்த உபரி அரசுக்குரியதென வாதிட்டார். ஹெய்லிபரியில் மால்தஸிடம் பயின்ற பிரிங்கிள் என்னும் அதிகாரி, பம்பாய் மாகாணத்தின் பூனா மாவட்டத்தில் இக்கணக்கின்படியே வரி நிருணயித்தார். சுமை தாங்கவொண்ணாததாயிற்று, அம்முறை கைவிடப்பட்டது. எரிக் ஸ்டோக்ஸ் 1959இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை விரித்துரைக்கும்.

இதனைப் படித்த நம்மவருள் சிலர், சென்னை மாகாணத்து ரயத்துவாரி முறையும் ரிக்கார்டோவின் பிள்ளையே என எழுதிவிடுகின்றனர். இது பிழை. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாரமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில், உழவரோடு நேரடியாக வரி பேசத் தொடங்கியது 1790களில். ரிக்கார்டோ வாரத்தைப் பற்றி எழுதியது 1815இல். கோட்பாடு பின்னர் வந்து, முன்னரே இருந்த நடைமுறைக்கு நியாயம் கற்பித்தது எனலாம், நடைமுறையைப் பெற்றெடுக்கவில்லை. தாளின் நாளைப் பாராமற் கருத்தின் ஒற்றுமையை மட்டும் பார்ப்பதால் வரும் பிழை இது. இதே வகைக் குற்றச்சாட்டே பின்னாளில் ஸ்ராஃபாவின் மேலும் வந்தது.

கிடைக்காத ஓர் ஆவணம்

ஸ்ராஃபா முதல் தொகுதிக்கு எழுதிய முன்னுரையின் நடுவே ஒரு துணிவான ஊகம் உள்ளது. ரிக்கார்டோ தொடக்கத்தில் இலாப விகிதத்தை எவ்வாறு விளக்கினார்? வேளாண்மையில் இடுவதும் தானியம், பெறுவதும் தானியம். விதையும் உழவர் கூலியும் தானியம், விளைச்சலும் தானியம். ஆகவே விலை என்னும் சிக்கலுக்குள் நுழையாமலே, தானியத்தைத் தானியத்தால் வகுத்து இலாப விகிதத்தைக் கண்டுவிடலாம். பிற தொழில்கள் அவ்விகிதத்துக்கு ஒத்துவர வேண்டும். இதுவே ரிக்கார்டோவின் மறைந்திருந்த அடிப்படை என்றார் ஸ்ராஃபா.

இதனை ரிக்கார்டோ எங்கே எழுதினார்? எங்கும் இல்லை. கிடைத்துள்ள கடிதங்களிலோ கட்டுரைகளிலோ இவ்வாதம் இவ்வடிவில் இல்லை என்பதை ஸ்ராஃபாவே அதே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். 1814 மார்ச்சு மாதத்தில் மூலதன இலாபம் பற்றி ரிக்கார்டோ எழுதி நண்பரிடம் சுற்றுக்கு விட்ட தாள்கள் இருந்தன, அவை தொலைந்துவிட்டன, அவற்றிலோ நேர்ப்பேச்சிலோ இவ்வாதம் இருந்திருக்க வேண்டும் என்கிறார். சான்றாக அவர் காட்டுவது எதிராளியின் சொல். 1814 ஆகஸ்டு 5ஆம் நாளிட்ட கடிதத்தில் மால்தஸ், எந்த உற்பத்தியிலும் விளைபொருள் இட்ட மூலதனத்தின் அதே இயல்புடையதாக இருப்பதில்லை என மறுக்கிறார். மறுப்பு இருந்தால் மறுக்கப்பட்ட கூற்று இருந்திருக்க வேண்டுமன்றோ? உரையாசிரியர் மறுத்துரைப்பதைக் கொண்டு, மறைந்த உரையொன்றின் கருத்தை மீட்கும் நம் மரபுவழி முறையே இது.

சாமுவேல் ஹாலண்டர் 1973 முதல் இதனைக் கடுமையாக மறுத்தார். (1928இல் மால்தஸ் குறிப்புகளைப் பதிப்பித்தோருள் ஒருவரான ஜேக்கப் ஹாலண்டர் வேறு.) ஸ்ராஃபா தம் சொந்தக் கோட்பாட்டை ரிக்கார்டோவின் வாயில் வைத்துவிட்டார் என்பது எதிர்த்தரப்பின் சாரம். ஸ்ராஃபா 1960இல் ‘பண்டங்களால் பண்டங்களின் உற்பத்தி’ என்னும் சிறுநூலை வெளியிட்டபோது, இச்சாட்டுக்கு இடந்தரும் சான்றைத் தாமே கொடுத்தும் இருந்தார். அந்நூலின் பிற்சேர்க்கையில், தம் ஆய்வில் ‘நியமத் தொகுதி’ முதலிய கருத்துகள் உருப்பெற்ற பின்னரே ரிக்கார்டோவைப் பற்றிய இவ்விளக்கம் தமக்குத் தோன்றியது என எழுதினார். தம் வாதத்துக்கு ஊறு செய்யக்கூடிய செய்தியை எவரும் கேளாமலே பதிவுசெய்த நேர்மை இது. எனினும் அவர் சொன்னதை எவ்வாறு சரிபார்ப்பது? 1983 வரை வழியில்லை.

ரென் நூலகத்துத் தாள்கள்

ஸ்ராஃபா தம் நூல்களையும் தாள்களையும் கல்லூரிக்கு விட்டுச்சென்றார். ஜானதன் ஸ்மித் விவரப்பட்டியல் தயாரிக்க, 1990களில் ஆய்வாளர்க்கு அவை திறக்கப்பட்டன. கடிதங்கள் ஒரு பிரிவு. நாட்குறிப்புகள் ஒரு பிரிவு. குறிப்புகளும் நூல்களுக்கான வரைவுகளும் மற்றொன்று. ரிக்கார்டோ பதிப்புக்குரியவை ஓரிடத்திலும் 1960ஆம் ஆண்டு நூலுக்குரியவை வேறோரிடத்திலும் உள்ளன. பின்னர் படிமமாக்கப்பட்டு இணையத்திலும் வைக்கப்பட்டமையால், கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பற்ற நம் பகுதி மாணவரும் அவற்றைப் பார்க்கலாம்.

பார்ப்பது எளிது, படிப்பது எளிதன்று. இத்தாலியத்தில் தொடங்கும் வாக்கியம் ஆங்கிலத்தில் முடியும். ஒரே தாளில் மையும் வண்ணப் பென்சிலும் கலந்திருக்கும். 1927 முதல் 1931 வரை எழுதியவற்றை 1940களிலும் 1950களிலும் அவர் திரும்ப எடுத்துப் படித்து, அடித்து, ஓரத்திற் குறித்திருக்கிறார். எனவே ஒரு தாளுக்கு ஒரு நாள் என்று சொல்வதற்கில்லை. சில தாள்களுக்கு மூன்று காலங்கள் உள்ளன. பிறர் கடிதங்களை நாள் வரிசையில் நிறுத்தியவர், தம் தாள்களில் நாள்களைப் பின்னிவைத்துப் போயிருக்கிறார்.

இருப்பினும் சில செய்திகள் உறுதிப்படுகின்றன. விலையைப் பற்றிய அவருடைய சமன்பாடுகள் 1928ஐ ஒட்டிய காலத்தில் தோன்றுகின்றன. கணித வல்லுநர் ஃபிராங்க் ராம்சேயின் உதவியை அவர் நாடியதும் அப்போதுதான். நியமத் தொகுதி போர்க்கால ஆண்டுகளில் உருவாகிறது. இதன்படி, பிற்சேர்க்கையில் அவர் கூறிய காலவரிசையை ஐயுறக் காரணமில்லை என நாம் கருதுகிறோம். ஆனால் முதற் சமன்பாடுகள் எங்கிருந்து வந்தன என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. மார்க்சின் மறுவுற்பத்தி அட்டவணைகளே தொடக்கம் என்பார் டி விவோ. கெர்க்கேயும் குர்ட்ஸும் அதனை ஏலாது, பண்டங்களின் பௌதிகச் செலவு பற்றிய அவருடைய சொந்தச் சிந்தனையே தொடக்கம் என்பர். அவருடைய எழுத்துகளுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டிருந்த கரெஞானி, 1920களின் இறுதியில் அவர் கொள்கையில் ஒரு திருப்பம் நேர்ந்தது என 2005இல் எழுதினார். மூன்று தரப்பினரும் மேற்கோள் காட்டுவது ஒரே கட்டிலுள்ள தாள்களையே.

இங்கே நமக்கு ஒரு குறை உண்டு. ஓர் அறிஞர் இரவில் எழுதிப் பகலில் அடித்துவிட்ட வரியும், பதினைந்தாண்டு பொறுத்து அச்சுக்கு அனுப்பிய வரியும் ஒரே தரத்துச் சான்றாக இக்கட்டுரைகளுட் சிலவற்றில் ஆளப்படுகின்றன. ஸ்ராஃபா ரிக்கார்டோவிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை. 1820இல் மக்கல்லக்கிற்கு எழுதிய ஒரு கடிதத்தில் ரிக்கார்டோ தம் மதிப்புக் கோட்பாட்டைப் பற்றி மனந்தளர்ந்து கூறியதை வைத்து, அவர் அதனைக் கைவிட்டார் என முன்னையோர் முடிவுகட்டினர். ஸ்ராஃபா அக்கடிதத்தை முன்னும் பின்னும் உள்ள கடிதங்களோடும் மூன்றாம் பதிப்பின் திருத்தங்களோடும் வைத்து நோக்கி, அது தற்காலிகத் தளர்ச்சியே என்று காட்டினார். தனித்தாளுக்குத் தனியதிகாரம் இல்லை என்பது அவர் கைக்கொண்ட நெறி. அவர் தாள்களுக்கும் அந்நெறியே உரியது.

அந்நெறியைக் கடைப்பிடிக்க வேண்டுமாயின் முழுப்பதிப்பு தேவை. கரெஞானியின் பொறுப்பில் அவ்வாறொரு பதிப்புத் திட்டமிடப்பட்டது. 2011இல் அவர் மறைந்தபோது ஒரு தொகுதியும் வெளிவந்திருக்கவில்லை. ஒருவர் மேற்கோள் காட்டும் மூன்று வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என அறியப் படிமங்களைத் தேடிச் சென்று, இருமொழிக் கையெழுத்தோடு போராட வேண்டும். இந்தியாவில் ஸ்ராஃபாவின் நூலை உடனே உணர்ந்து, 1963இல் பம்பாயிலிருந்து வெளிவந்த எக்கனாமிக் வீக்லியில் நெடிய மதிப்புரை எழுதிய கிருஷ்ணா பரத்வாஜ், பின்னாளில் தொன்மைப் பொருளியல் மரபை ஆராய்ந்த முதன்மையாளராகத் திகழ்ந்தவர்; தாள்கள் திறக்கப்பட்ட காலத்தின் பெரும் விவாதங்களைக் காணாமலே 1992இல் மறைந்தார். அச்சிலிருந்த நூல்களைக் கொண்டே அவர் கண்டுணர்ந்தவை பல. தாள்களை நோக்குவோர் அம்மதிப்புரையையும் அருகில் வைத்துக்கொள்ளலாம்.

தொலைந்த தாள்களின் வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. ஸ்ராஃபாவின் தாள்கள் அவர் எப்போது அவ்வூகத்துக்கு வந்தார் என்பதைக் காட்டக்கூடும். ஊகம் சரியா என்பதைக் காட்டா. அதற்கு வேண்டியவை 1814 மார்ச்சில் ரிக்கார்டோ எழுதிய தாள்கள். ரஹீனிப் பெட்டியில் அவை இல்லை. இதுவரை வேறெங்கும் கிடைக்கவும் இல்லை.